911-ஐ அழைக்காதவர்

அமெரிக்காவின் ஆலன் நகரில் ஓர் இந்திய மளிகைக் கடை. பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“திருடன் வந்தாக்கூடப் பரவாயில்ல, போலீஸ் மட்டும் வந்துடக் கூடாதுங்கிறாங்க அக்கா.”

“யாருடி?”

“எங்க பாப்பாவப் பார்த்துக்கிற நானி. வெனிசுவேலாக்காரங்க. போன வாரம் எவனோ பின்கதவுக் கண்ணாடிய உடைச்சிருக்கான். இவங்க 911-ல போலீஸக் கூப்பிடாம, பாப்பாவத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல பூட்டிக்கிட்டாங்க.”

“ஐயோ! ஏனாம்?”

“அங்க அவங்க தம்பிய யூனிஃபார்ம்ல வந்த போலீஸ்தான் சுட்டுச்சாம். ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் எழுதி வாங்கின போலீஸ்காரனே அன்னைக்குச் சுட வந்தவங்கள்ல ஒருத்தனாம்.”

“ஆட்சி மாறினா அங்க எல்லாம் சரியாயிடும்னு எங்க வீட்டுக்காரர் டிவி முன்னாடி கத்துறாரு. அவருக்கு நம்ம ஊர் கவுன்சிலர் பேரே தெரியாது.”

“நானும் கேட்டேன். மேல யார் வந்தாலும் ஸ்டேஷன்ல அதே ஆள்தானே உட்கார்ந்திருப்பான்னாங்க.”

மூத்தவர் தள்ளுவண்டியை ஓரடி நகர்த்தினார்.

“பாவம்டி. இனியும் வேலைக்கு வச்சுக்கப் போறியா?”

“எப்படிக்கா? நாளைக்குப் பாப்பாவுக்கு மூச்சுத் திணறினா ஆம்புலன்ஸுக்கும் அதே 911தான், கூப்பிட மாட்டாங்களே. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டேன்.”

“அழுதாங்களா?”

“இல்லக்கா. போலீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.”