இரண்டு விரல்

எழுபத்தாறாம் வருஷம் ஜெர்மனியில, கார்ல்ஸ்ரூஹே ஊர்ல வெயில் கொளுத்தினதுல, எங்க ஹாஸ்டல் ஜெர்மன் பசங்களே என்கிட்ட மோர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க, சார். நீங்க அந்த ஸ்கோர் புக்கைக் கேட்டு வந்திருக்கீங்க. அதுல ஒரு வரி பொய். அதனால சொல்றேன்.

அந்த ஊர்ல இருந்த அமெரிக்க ராணுவ முகாம்ல பார்க்கர்னு ஒரு சார்ஜெண்ட். அவங்க நாட்டு பேஸ்பால் லீக் 1876-ல ஆடின சீசனை நூறு வருஷம் கழிச்சு அதே பழைய முறையில ஆடிப் பார்க்கணும்னு அவருக்கு ஒரு பைத்தியம். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. அவங்க பசங்களுக்கு வெறுங்கையில பந்து பிடிக்க வரலை. நம்ம ஊர் காலேஜ்ல கிரிக்கெட் ஆடிட்டு, அங்க ஆராய்ச்சிக்கு வந்திருந்த எங்களைக் கூப்பிட்டார். நான் பந்து போடுறவன். மட்டைக்காரனுக்குப் பின்னால நின்னு பிடிக்கிறவன் உமாபதி. லேப்ல எனக்கு அடுத்த மேஜை அவனோடது. மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சா சோறு தண்ணி மறந்துடுவான்.

வேர்க்க விறுவிறுக்க நான் போடுவேன், கைதட்டல் அவனுக்கு. நோகாம நோன்பு கும்பிடறான்னு நினைச்சுப்பேன். எங்க டிபார்ட்மெண்ட் வைதேகிதான் ஸ்கோர் எழுதுவா. அவன் விரல் வீங்கினா ஐஸ் வெச்சு ஒத்தடம் குடுப்பா. எனக்கும் தோள் வலிச்சுது. அவ கேக்கலை. வயிறு எரிஞ்சுது, அதை ஒளிப்பானேன்.

எது போடணும்னு அவன்தான் சைகை காட்டுவான். ஒரு விரல்னா வேகப் பந்து, நாலடி பின்னால தள்ளி நிப்பான். ரெண்டு விரல்னா மெதுவான பந்து, மட்டைக்காரனை ஒட்டி வந்து குனிவான். முகத்துக்கு அந்த நாலடிதான் காவல்.

கடைசி ஆட்டத்தன்னிக்கு ஷூ கட்டிக்கிட்டே சொன்னான். "சேஷு, நாளைக்கு வைதேகி அப்பாவுக்கு லெட்டர் போடப் போறேன்டா. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"நல்ல விஷயம்டா"ன்னேன்.

ஆட்டத்துல ரெண்டு விரல் காட்டினான். தெளிவாப் பார்த்தேன். தலையாட்டினேன். அவன் முன்னால வந்து குனிஞ்சான். அந்த சீசன்லயே வேகமான பந்தை நான் அப்பதான் போட்டேன்.

வலது கண். மைக்ராஸ்கோப்ல வைக்கிற கண்.

பிடிக்காம விட்ட பந்து யார் தப்புன்னு அந்தப் புக்குல பேர் போட்டு எழுதியாகணும். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல வைதேகி கேட்டா: "என்ன சைகை காட்டினார்?"

"ஒரு விரல். காட்டிட்டு, மறந்துபோய் முன்னால வந்துட்டான்."

அழுதுகிட்டே தப்பை உமாபதி பேருக்கு நேரா எழுதினா. அவனும் என்னைக் கேட்டான், "ஒண்ணாடா காட்டினேன்?"னு. ஆமான்னேன். நம்பிட்டான். ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டு ஊருக்குப் போனான். அந்த லெட்டரை அவன் போடவே இல்லை.

எழுபத்தெட்டுல எனக்கும் வைதேகிக்கும் கல்யாணம் ஆச்சு. உமாபதிகிட்டேருந்து வாழ்த்து வந்தது. கோணல் கோணலா எழுதியிருந்தான்: "நான் பண்ணின தப்புல உன் சீசனும் கெட்டுப்போச்சு. மன்னிச்சுடுடா சேஷு."

அன்னிக்கே பதில் போட்டேன், சார். மன்னிச்சுட்டேன்னு. எனக்கு யார் மேலயும் மனசுல எதையும் வெச்சுக்கத் தெரியாது.