தண்ணீருக்கு அடியில் ஒரு கம்பி

தண்ணீர் வராத வாய்க்காலைப் போல ஒத்துழைக்கும் ஆள் உலகத்தில் கிடையாது. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதலாம். நான் அப்படித்தான் எழுதினேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஒரு திட்டம் வந்தால், அதனால் மண்ணுக்கும் மனிதருக்கும் என்ன கெடுதல் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அதை வைத்து உரிமம் வாங்குவார்கள். அன்னவாசலில் முப்பது வருஷமாக இதே வேலை. ஒருமுறை விராலிமலைப் பக்கம் ஒரு கல்குவாரிக்கு எழுதும்போது அழகுக்காக ஒரு நீர்நாயைச் சேர்த்துவிட்டேன். அதைக் காப்பாற்ற இரண்டு காவலர்களைப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பணி ஓய்வு பெறும்போது, அது குட்டி போட்டிருப்பதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆகவே எழுத்தின் பலம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

நகராட்சித் திட்டம் சின்னதுதான். மாவட்டத்தின் கிழக்கே காவிரித் தண்ணீர் வரும் வாய்க்காலில், தண்ணீர் ஓர் ஆள் உயரம் விழும் இடத்தில் ஒரு டர்பைன். தெருவிளக்குக்கு மின்சாரம். மிஷினை வாங்கி வைத்துவிட்டு என் அறிக்கைக்காகக் காத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு மேல்புறம், தண்ணீர் வரும் பக்கம், கூப்பிடு தூரத்தில் ஒரு படித்துறை. அங்கே ஆட்கள் இறங்குவார்கள் என்று எழுதினால் டர்பைனுக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட வேண்டும். தண்ணீர் ஓடும்போது மறுபடி ஆய்வு செய்ய வேண்டும். ஒரு வருஷம் போய்விடும். வைகாசியில் மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினேன். ஆடு இரண்டு. ஆள் இல்லை. ஆடு மேய்த்த திலகவதியை எண்ணவில்லை. அவள் ஆட்டுக்காக வந்தவள், தண்ணீருக்காக அல்ல.

அவள்தான் கேட்டாள். “வைகாசில வந்து எண்ணுனா எவ இருப்பா அய்யா? புதுத்தண்ணி வரட்டும், பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்கிட்டுத்தான் கெடப்போம். எங்களையும் எழுதிக்கங்க. கம்பி போடச் சொல்லுங்க.”

“எழுதிட்டேன் தாயி.”

“எம் பேரையுமா?”

“மொதப் பேரே ஒன் பேருதான்.”

சிரித்தாள். கிளம்பும்போது நுங்கு வெட்டிக் கொடுத்தாள். இளசாக இருந்தது.

ஆனிக் கடைசியில் தண்ணீர் வந்தது, டர்பைன் ஓடியது. திலகவதி போன் செய்தாள்.

“மிசினு வந்துருச்சு, கம்பியக் காணமேய்யா?”

“தண்ணிக்கு அடியில இருக்கு. கலங்கல்ல கண்ணுக்குத் தெரியாது.”

“அதானே பாத்தேன். நீங்க எழுதிப் போடாம இருப்பாகளா.”

அடுத்து நடந்ததை அவளுடைய நாத்தனார் ராசாத்தி சொல்லித்தான் அறிந்தேன். ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் மஞ்சளும் பூவுமாகப் படித்துறைக்குப் போனார்கள். மிஷின் சத்தத்தைக் கேட்டு யாரும் இறங்கவில்லை. போர்செட்டுக்கே போய்விடலாம் என்றார்கள். திலகவதிதான் மறித்திருக்கிறாள். “கம்பி உள்ளதான்டி இருக்கு. அன்னவாசல் அய்யா எங்கிட்டச் சொன்னாரு. பயந்தாங்கொள்ளிகளா, நான் மொதல்ல எறங்குறேன், பாருங்க.”

காலை பத்து மணிக்கு டர்பைன் தானாக நின்றது. குப்பை அடைத்திருக்கும் என்று நினைத்து, இயக்குகிறவர் மறுபடி போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அங்கே யாரும் இறங்குவதில்லை என்று அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது.

உங்கள் கோப்பில் ‘கால் வழுக்கி’ என்று இருக்கிறது. வழுக்கவில்லை. அவளாக இறங்கினாள். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரிந்தேதான் வைகாசியைத் தேர்ந்தெடுத்தேன். நகராட்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கம்பியை என் அறிக்கையில் வரிவரியாகத் தேடினாலும் கிடைக்காது. அது நான் வாயால் போட்டது. அதை நம்பித்தான் அவள் இறங்கினாள். அவளைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனில் அவள் குரலில் பயம் இருந்தது. அதைப் போக்கத்தான் அப்படிச் சொன்னேன்.