மூதூர் லோஞ்சில் ஓர் அம்மி

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்து வாசிக்க வேண்டும்.

திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு எதிரே ஒரு தமிழ்த் தம்பதியும், அவர்களைக் கூட்டிச் சென்ற முஸ்லிம் நண்பரும் இருந்தார்கள். காலடியில் ஓர் அம்மி கிடந்தது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் விசாரித்தார்.

“எங்க போறியள்?”

“என்ட மகள்ட கலியாணத்துக்கு,” என்றார் நண்பர்.

“அதுக்கு ஏன் அம்மி?”

“மிதிக்கத்தான்,” என்று அந்தப் பெண் அவசரமாகச் சொன்னார்.

“முஸ்லிம் கலியாணத்தில நானாட மகள் அம்மி மிதிக்கிறாவோ?”

பெண்ணின் முகம் மாறியது. “எங்கட வீட்டுக்குக் கல்லெறியிறவங்களோ உங்களை அனுப்பினவங்கள்?”

“சும்மா இரும்,” என்றார் கணவர்.

“என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை, தங்கச்சி. ஆனா துறைமுகத்தில ரெண்டு பேர் உங்களை விசாரிச்சவங்கள். நான் காணேல்லை எண்டனான். இனி வேற கதை சொல்லுங்கோ.”

மூதூரில் வெற்றிலைக்காரர் இறங்கிப் போகும்வரை மூவரும் அசையவில்லை. பிறகு நண்பர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவன் சொன்னது மெய்யோ பொய்யோ, என்ட ஊட்டுக்கு வேணாம். தோப்பூர்ல மச்சான்ட ஊட்டுக்குப் போவம்.”

சொன்ன பிறகுதான் அவர் என்னைக் கண்டார். மூவரும் என்னையே பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன். அவர்கள் போன இடத்தை இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

1981 மாசி 9.