சோற்றுக்கு அஞ்சிய எங்களைச் சோறுண்ண வைத்த மௌரீன் அம்மையாருக்கு

உண்டி கொடுத்து உயிர்காத்த உத்தமியே! கஞ்சிக்கும் கலோரி கண்டு, கனிவுக்கு மட்டும் கணக்குப் பார்க்காத எங்கள் உணவியல் அலுவலர், ரிச்சர்ட்ஸ் டவுன் திருமதி மௌரீன் குணசேகர் அம்மையாரே! 1971 முதல் இந்த 2002 வரை முப்பத்தோராண்டு நம் மருத்துவமனைச் சமையற்கூடத்தை ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்!

வாழ்த்தவே வந்தோம், ஆனால் குழப்பத்தோடு வந்திருக்கிறோம். முட்டையின் மஞ்சள் கருவே ஆகாது என்று ஒரு காலம் பலகையில் எழுதினீர்கள். பிறகு தாங்களே அதை அழித்து, அளவாக உண்ணலாம் என்றீர்கள். “ஏன் மேடம் மாத்தி மாத்திச் சொல்றீங்க?” என்று கேட்டோம். “அப்ப தெரிஞ்சது அவ்வளவுதான். இப்பக் கொஞ்சம் கூடத் தெரியுது” என்றீர்கள். எதை நம்புவதென்று அன்றும் விளங்கவில்லை.

அந்தக் குழப்பம் ஓர் உயிரையே பறித்திருக்கும். சென்ற ஆண்டு நடந்ததை இந்த அவையில் சொல்லாமல் விடலாகாது.

வார்டு ஆயா சின்னத்தாயி தங்கவயலிலிருந்து விடியற்கால ரயிலில் வருபவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். ஏதோ ஒரு பத்திரிகைக் கட்டுரையைச் சாப்பாட்டு வேளையில் உரக்கப் படித்து, “அரிசிதான் விஷம்” என்று அவருக்குப் பொருள் சொன்னவன், இம்மடலை எழுதும் ஸ்டோர் கிளார்க் சீனிவாசராகவனாகிய நானே. அவர் என்னை நம்பினார். இரவுச் சோற்றை நிறுத்தினார். மறுநாள் காலையும் வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தார்.

ஒன்பது மணிக்குப் பால் அடுப்பருகே அவர் உடல் நடுங்கியது, வியர்வை கொட்டியது. வேலை செய்யும் இடத்திலேயே நின்றுகொண்டு, “ரயில் எப்ப வரும்?” என்று கேட்டார். தாங்கள் ஓடிவந்து, டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்தீர்கள். நான் தங்கள் கையைப் பற்றினேன்.

“மேடம், அவங்களுக்குச் சுகர்! சர்க்கரை குடுத்தா செத்துருவாங்க!”

“கையை விடுங்க, ராகவன். சின்னத்தாயி, முழுங்க முடியுதா? மெதுவா.”

கால் மணி நேரத்தில் அவர் கண் தெளிந்தது. பின்பு இட்லி கொடுக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினீர்கள்.

“மாத்திரை ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்குது. சாப்பிடலைன்னா ரொம்பக் கீழே போயிடும். மூளைக்கு அதுதான் எரிபொருள். அது இல்லாமத்தான் இடம் தெரியாம பேசினாங்க. அரிசி, கேழ்வரகு, கோதுமை எதுவானாலும் உள்ளே போய்ச் சர்க்கரையாத்தான் மாறும். நடக்கிறதுக்கும் தூக்குறதுக்கும் அதிலேதான் சக்தி. அளவோட சாப்பிடணும், பருப்பும் காயும் சேர்த்துக்கணும். பட்டினி கிடக்கக் கூடாது.”

“அப்போ அரிசி நல்லதா, கெட்டதா மேடம்?”

“யாருக்கு, எவ்வளவு, எதோடன்னு கேளுங்க.”

ஒரு கேள்விக்கு விடை தேடி வந்து மூன்று கேள்விகளோடு திரும்பினேன். தாங்கள் என்னை ஏசவில்லை. ஒரு மாதம் சின்னத்தாயியோடு அமர்ந்து உண்ணும்படி மட்டும் சொன்னீர்கள். முதல் நாள் ஒரு கிண்ணம் சாம்பார் சாதத்தை அவர் என் பக்கம் நகர்த்தி, “சாமி, இதுல விஷம் இல்லியே?” என்றார். வெட்கத்தோடு முதல் கவளத்தை நானே உண்டேன். இன்று அவர் முன்வரிசையில் நலமோடு அமர்ந்திருக்கிறார்.

அன்புத்தாயே! சென்ற வாரம், “விருந்துக்கு உங்களுக்குப் பிடிச்சது என்ன மேடம்?” என்று சமையற்காரர் சுந்தரம் கேட்டார். தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “தெரியலையே, சுந்தரம். இங்க யாரும் கேட்டதில்லையே” என்றீர்கள்.

எத்தனை ஆயிரம் தட்டுகளைத் தாங்கள் பார்த்தீர்கள்! தங்கள் தட்டை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை! நாணித் தலைகுனிகிறோம்.

ஆகவே என்ன சமைப்பதென்று தெரியாமல் சுந்தரம் பதினோரு பதார்த்தம் சமைத்திருக்கிறார்: பிரியாணி, பிசிபேளா பாத், கேழ்வரகுக் களி, கோழிக் குழம்பு, பருப்புப் பாயசம், இன்னும் பல. நோயற்ற உடலும் நிறைந்த மனமுமாய்த் தாங்கள் நூறாண்டு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம். மேடையிலிருந்து இறங்கி வாருங்கள். ஒவ்வொன்றாய்ச் சுவைத்து, பிடித்தது எதுவென்று சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சமையற்கூட, வார்டு, ஸ்டோர் ஊழியர்கள்,
பெங்களூர்.