கிளவுட் பேக்கேஜ் யார் தலையில?

...நான் இன்னா சம்பளமா கேட்டேன்? யாரோ ஒரு டீம் எடுத்துப் பாத்துக்கங்கன்னுதானே கேட்டேன்! நீங்களே சொல்லுங்கண்ணா... இல்ல இல்ல, சொல்லாதீங்க, வாயத் தொறந்தே வெச்சிருங்க. ஊசி ஏறட்டும். பஞ்சு அப்பிடியே இருக்கட்டும். விஜயபுரத்துல பஸ்ஸேறி புத்தூருக்கு வந்து, எலும்பு முறிவுக்குக் கட்டு கட்டறவங்க வாசலத் தாண்டி, பல்லுக்குன்னு இந்த ஹரிபாபுகிட்ட வந்தீங்க பாருங்க... நீங்க மனுஷன்!

இன்னாத்துக்கு இப்பிடிப் பொலம்பறான்னு பாக்கறீங்களா? கிளினிக்க மூடினா மத்த டாக்டருங்க சீட்டாடுவாங்க. நான் சாஃப்ட்வேர் பேக்கேஜ் கட்டுவேன். ஓசிண்ணா, உலகத்துக்கே ஓசி! மாத்திரைய எவனோ செய்வான், அத அட்டையில அடைச்சு, தேதி போட்டு, கெட்டுப்போனத மாத்தி வெக்க ஒருத்தன் வேணுமில்ல? அது நான். நம்ம ஃபைல கிளவுடுக்கு, அதான் எங்கியோ கெடக்கற பெரிய கம்ப்யூட்டருக்கு, ஏத்தற பேக்கேஜுங்க. போன வருஷம் எனக்கு ரெண்டு நாள் ஜொரம்... நார்வே நாட்ல பாதி பேருக்கு கல்யாண போட்டோ காணோம்! சத்தியமாண்ணா. தனியா தாங்கல. என்ன மாதிரி ஓசில செய்யறவங்க குரூப்புக்கு, ஏதாவது ஒரு டீம் எடுத்துக்கங்கன்னு மெயில் போட்டேன்.

அங்க புடிச்சுது சனி. கிளவுட் டீமு நளினி, குடுபல்லிப் பொண்ணு, "கிளவுடுக்குப் போறது எங்களுது"ங்குது. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அந்த டீமு சுதீரு, சித்தூர்ல கீறான், "பைத்தான்ல எழுதினது எங்களுது"ங்கறான். ஏண்ணா, பஸ்ஸு திருப்பதிக்குப் போனா திருப்பதிக்காரனுதா? டிரைவர் சித்தூர்னா சித்தூர்க்காரனுதா? பேக்கேஜ் நெத்தியில ஒரு டீம் பேருதான் எழுதணும். சரே, ஓட்டு போடுங்கன்னாங்க. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும். சமமா வந்தா, இப்ப பாக்கறவனே இன்னும் ரெண்டு வருஷம் தனியா பாக்கணுமாம். இதுவரைக்கும் வந்தது இன்னா? மூணுக்கு மூணு!

வலிக்குதா? தலைய ஆட்டாதீங்க.

கூத்தக் கேளுங்க. எவனோ ஒருத்தன் ரெண்டு டீம்லயும் மெம்பராம். ரெண்டு மெயில் அட்ரஸ்ல ரெண்டு பக்கமும் ஓட்டு குத்தியிருக்கான்! "பேர் சொல்லி மானத்த வாங்கல, அவரே ஒண்ண வாபஸ் வாங்கிக்கட்டும்"னு நளினி எழுதியிருக்குது. எப்பிடிப்பட்ட ஆளுண்ணா அவன்! சோறுதான் துன்றானா...

...இன்னா அப்பிடிப் பாக்கறீங்க?

சரி, நான்தான். இன்னா பண்ணச் சொல்றீங்க? நளினி, "அங்கிள், உங்கள நம்பித்தான் கீறேன்"னுச்சு. கிளினிக் மெயில்ல போட்டேன். சுதீரு யாரு? என் பொண்டாட்டி ஷோபாவோட தம்பி. "என் தம்பிக்குப் போடல, களி நீயே கிண்டித் துன்னு"ன்னா. வூட்டு மெயில்ல போட்டேன். களி கிண்டிப் பாத்திருக்கீங்களா? கை கழண்டுரும்ண்ணா, நாளைக்கு யாருக்குப் பல்லு புடுங்கறது?

எத வாபஸ் வாங்கறது இப்ப? அத எடுத்தா அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாது. இத எடுத்தா வூட்டுக்குப் போக முடியாது. இருங்க, லேப்டாப்ப இழுத்துக்கறேன்... ம்ம்... யாருக்கும் மனஸ்தாபம் வேணாம்... முடிஞ்சுது! ரெண்டையுமே எடுத்துட்டேன்! எப்பிடி? ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. நீங்க தொறங்க.

அந்தப் பக்கம் மூணுல ஒண்ணு போனா ரெண்டு. இந்தப் பக்கம் மூணுல ஒண்ணு போனா...

அய்யய்யோ.

மணி எவ்ளோண்ணா? தாண்டிடுச்சா? இதோ வந்துடுச்சு... "ஓட்டு முடிந்தது. சமம். ஹரிபாபு சாரே தொடர்வார்." கை தட்டற பொம்ம வேற போட்டுக்கீது. சுதீரும் ஒண்ணு போட்டுக்கீறான், படுபாவி! ரெண்டு வருஷம்ண்ணா... தனியா... நார்வே பூரா என் தலையில...

அண்ணா? எங்க எழுந்திரிக்கறீங்க? பஞ்சு வாயிலயே கீது! ஊசி போட்டாச்சு, பல்லு இன்னும் உள்ளதான் கீது! ஏண்ணா ஓடறீங்க? அண்ணோவ்... உங்க பொண்ணு மஞ்சு கம்ப்யூட்டர் படிக்குதுன்னீங்களே... அத ஒரு எட்டு அனுப்பி வைங்கண்ணா!