பிடிக்க ஒரு செடி

பலாபத்வல பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருகோணமலை போய்வந்த கதையை, பக்கத்தில் நின்ற தேயிலைத் தோட்டத்து நண்பரிடம் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இவளுக்குக் கடற்கரையிலதான் தல சுத்திருச்சு."

"கோணேசர் மல உச்சியில இல்லயா?"

"அங்க இவ ஓரத்துல நின்னு கடல எட்டி எட்டிப் பாத்தாளே."

மனைவி சொன்னார்: "தெனமும் கொழுந்து எடுக்கிற சரிவு மாதிரிதானேண்ணே. இங்க வழுக்குனா புடிக்கத் தேயிலச் செடியாவது இருக்கு. அந்த மணல்ல என்னா இருக்கு? காலுக்குக் கீழ இருக்கிற மண்ணையே அல இழுத்துக்கிட்டுப் போவுது."

"அப்ப எதத்தான் புடிச்ச, தங்கச்சி?"

"இவரப் புடிக்கலாம்னுதான் திரும்புனேன். மல உச்சியில புடிச்ச என் முந்தானைய இவரு அப்பவும் விடல."