கோட்டுக்கு வெளியே உட்காராத ஆதிகேசவன்

அவைத் தலைவர் சுந்தரமூர்த்தி ஐயா அவர்களே! மாதனூரிலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! ஆம்பூர்த் தோல் தொழிலாளத் தோழர்களே! பஞ்சாட்சரத்தின் வணக்கம்.

அழுவதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். கூடைப்பந்துச் சிங்கம் ஆதிகேசவன் எப்படி வாழ்ந்தார் என்று சொல்ல வந்தேன். எப்படிச் செத்தார் என்பதையும் சொல்லாமல் இறங்க மாட்டேன்!

பாலாற்றங்கரையில் பந்து ஆடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய முதல் மனிதர் அவர். தோல் ஆலையின் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தவரை ஆலை முதலாளி தம் அணிக்கு எடுத்தார். ஆதிகேசவன் நடுக்கோட்டில் நின்று மார்போடு அணைத்த பந்தை வீசினால், வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கும்! பெங்களூர்ப் பட்டாளத்தார் தோற்றார்கள். சென்னைக் கல்லூரிக்காரர்கள் தோற்றார்கள். பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் அல்லவா?

வேலூர் ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? எதிரணிக் கனவான்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தொட்டியில் இறங்குகிறவன் தொட்ட பந்தை அவர்கள் தொடமாட்டார்களாம்! எங்கள் ஆலை மேனேஜர் அதற்கு ஒப்புக்கொண்டார். ஆதிகேசவனைத் தனியே அழைத்து, "நீ வெளியே ஒக்காந்துக்கோப்பா. சம்பளம் கம்மியாவாது" என்றார்.

"ஒக்கார்றதுக்கா சார் சம்பளம் குடுக்கறீங்க? ஆடறதுக்குத்தானே வாங்கறேன்!"

சொல்லிவிட்டு நேராக நடுக்கோட்டுக்குப் போய் நின்றார். "அவுங்கள எறங்கச் சொல்லுங்க. இல்லன்னா தோத்துட்டோம்னு சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க!"

அணியில் நான் உட்பட மற்ற நால்வரும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றோம். லாங் பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று, "ஆதிகேசவா! ஆதிகேசவா!" என்று கத்தினார்கள். வேறு வழியில்லாமல் கனவான்கள் இறங்கினார்கள். அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தொட்டும் தோற்றார்கள்!

மறுவாரமே அவருடைய ஆட்டச் சம்பளத்தை நிறுத்தினார்கள். பணிந்தாரா? கோலார் தங்கச் சுரங்க அணிக்குப் போனார். அங்கும் அவருக்காகவே கூட்டம் கூடியது. ஆனால் ஓர் ஆட்டத்தில் முழங்கால் மடங்கியது. மடங்கிய காலுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஊர் திரும்பினார். அடுப்பு எரிய வேண்டுமே! மறுபடியும் அதே சுண்ணாம்புத் தொட்டி. ஆனாலும் ஞாயிறுதோறும் எங்களோடு ஆடினார். ஓட முடியாவிட்டால் என்ன? நின்ற இடத்திலிருந்தே வீசினார்!

சென்ற வாரம் சதை சீவும் கத்தி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. கிழிந்த கையோடு சுண்ணாம்பில் வேலை. மறுநாள் காலை கை வீங்கி, காய்ச்சல் கண்டது. "ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார்" என்றார். "சங்கு ஊதட்டும், அப்பறம் போ" என்றார் மேனேஜர். கேட் திறக்கவில்லை. சாயங்காலம் வெளியே வந்தவர் வாசலிலேயே விழுந்தார். பக்கத்து வீட்டு ஹலீமா பீ அம்மாள் தம் ஜட்கா வண்டியைப் பூட்டி அவரை வேலூருக்குக் கொண்டுபோனார். "காலையிலேயே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டார். விடிவதற்குள் போய்விட்டார் நம் ஆதிகேசவன்.

இதை விதி என்று சொல்பவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் எழுந்து நிற்கட்டும்!

இன்று காலை அதே மேனேஜர் இந்த இரங்கல் கூட்டத்துக்கென்று ரோஜா மாலை அனுப்பினார். ஆதிகேசவனின் மனைவி, என் தங்கை முனியம்மா அதை வாங்கவில்லை. "எட்த்துனு போங்க. கேட்டத் தொறக்காதவரு மாலை மட்டும் எதுக்கு அனுப்பறாரு?" என்றாள்.

தோழர்களே! அவள் கேட்டுவிட்டாள். நாம் கேட்க வேண்டாமா? நாளைக் காலை சங்கு ஊதும். தொட்டியில் ஒருவரும் இறங்கப் போவதில்லை! கைக்கு ரப்பர் உறை வரட்டும். அடிபட்டவனுக்கு அந்த நிமிஷமே கேட் திறக்கும் என்று முதலாளி நம் முன்னால் வந்து சொல்லட்டும். அதுவரை இறங்கப் போவதில்லை! வேறு ஆள் வைப்போம் என்று மிரட்டுவார்கள். மிரட்டட்டும். நான் கேட்டுக்கு முன்னால் நிற்பேன். என்னோடு நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

அதோ, என் தங்கை முனியம்மா தூக்கிவிட்டாள். மற்றவர்கள்?